ஸ்டாக்ஃபிஷும் செஸ்பேஸும்: எதற்குக் காசு?

பிள்ளை நாலு சதுரங்கப் போட்டி ஆடி ரேட்டிங் வாங்கியதுமே பெற்றோர் கேட்பது, "செஸ்பேஸ் மென்பொருள் வாங்கியே ஆகணுமா?" என்றுதான். விலை யூரோவில் போடப்பட்டு ரூபாயாக மாறி வருகிறது. நடுத்தரக் குடும்பத்துக்கு அது சுமைதான்.

ஆட்டத்தை அலசும் மென்பொருளுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. இந்த நிலையில் சிறந்த நகர்வு எது என்று கணக்கிடுவது என்ஜின். இதே நிலையை முன்பு யார் ஆடினார்கள், எப்படி முடிந்தது என்று காட்டுவது தரவுத்தளம். இரண்டுக்கும் ஒரே தராசு பொருந்தாது.

என்ஜினில் இன்று முன்னணியில் நிற்கும் ஸ்டாக்ஃபிஷ் முழுக்க இலவசம். டோர்ட் ரோம்ஸ்டாட் எழுதிய கிளாருங் என்ற திறந்தமூல நிரலிலிருந்து 2008இல் மார்கோ கோஸ்டால்பா அதைக் கிளைபிரித்தார். யாராவது ஒரு வரியைத் திருத்தினாலும், தன்னார்வலர்கள் இரவல் தரும் கணினிகளில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஓட்டிப் பார்த்து, பலம் குறையாது என்று தெரிந்தால்தான் சேர்ப்பார்கள். 2020இல் சேர்ந்த நரம்பு வலைப்பின்னல் முறை, ஜப்பானின் ஷோகி ஆட்டத்துக்காக யு நாசு கண்டுபிடித்தது. இத்தனை பேரின் உழைப்பு, லீசெஸ் என்ற சதுரங்கத் தளத்தைத் திறந்தால் கைபேசியிலேயே ஓடுகிறது.

அதனால்தான் 2021இல் செஸ்பேஸ் விற்ற ஃபேட் ஃபிரிட்ஸ் 2 என்ற என்ஜின் என்னை இன்றும் உறுத்துகிறது. விலை ஏறக்குறைய 100 யூரோ. உள்ளே இருந்தது ஸ்டாக்ஃபிஷ். வேறு வலைப்பின்னலும் சொற்ப மாற்றங்களும்தான் புதிது. ஸ்டாக்ஃபிஷின் உரிமம் விற்பதைத் தடுக்கவில்லை. ஆனால், வாங்குபவருக்கு மூலத்தைச் சொல்லவும் நிரலைத் தரவும் வேண்டும். இது மீறப்பட்டதாக ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் ஜெர்மனியில் வழக்குத் தொடுத்தார்கள். 2022 நவம்பரில் சமரசம் ஆனது. ஸ்டாக்ஃபிஷ் அடங்கிய பொருள்களை ஓராண்டு விற்பதில்லை என்று செஸ்பேஸ் ஒப்புக்கொண்டது. பிறர் இலவசமாகக் கொடுத்ததை முழு விலைக்கு விற்றது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை.

தரவுத்தளத்துக்கு வந்தால் என் தீர்ப்பு மாறுகிறது. ஹாம்பர்க்கைச் சேர்ந்த செஸ்பேஸ் நிறுவனம் 1980களிலிருந்து ஆட்டங்களைச் சேர்த்துவருகிறது. அதன் மெகா தொகுப்பில் இப்போது ஒரு கோடிக்கு மேல் ஆட்டங்கள். லட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு விளக்கவுரை உண்டு. இலவசப் பக்கமும் வெறுங்கையாக நிற்கவில்லை. லீசெஸில் 1952 முதலான வலுவான ஆட்டக்காரர்களின் ஆட்டங்கள் சுமார் 20 லட்சம் இருக்கின்றன. மார்க் குரோதர் 1994 முதல் வாரந்தோறும் புதிய ஆட்டங்களைத் தொகுத்துத் தருகிறார். அவற்றை சிட் என்ற இலவசத் தரவுத்தள நிரலில் போட்டுத் தேடலாம்.

வித்தியாசம் துப்புரவில் இருக்கிறது. நம் ஊர்ப் பெயர்களையே பாருங்கள்: இனிஷியல் முன்னால் ஒரு போட்டியில், பின்னால் இன்னொன்றில், விரித்தெழுதி மூன்றாவதில். ஒருவரே மூன்று பேராகிவிடுவார்; நாளைய எதிராளி கறுப்பில் என்ன ஆடுவார் என்று இரவில் தேடுகிறவருக்குப் பாதி ஆட்டங்கள் அகப்படாது. இரட்டிப்புகளை நீக்கி, பெயர்களை ஒன்றாக்கி, விளக்கம் எழுதுவது சம்பளம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலை. அதற்கு விலை கேட்பது நியாயம்.

ஆனால், அந்த வேலையின் பயன் எல்லோருக்கும் கிட்டாது. என்ஜின்கூட எல்லா நிலையிலும் தேவையில்லை: கிராண்ட்மாஸ்டர் குகேஷை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா சிறுவயதில் வெகுகாலம் என்ஜினையே தொடவிடவில்லை. 1800 ரேட்டிங்கில் இருக்கும் பிள்ளை தோற்பது பெரும்பாலும் காயைக் கவனியாமல் விட்டதால். அதைக் காட்ட லீசெஸ் போதும். மாஸ்டர் பட்ட நார்முக்கு ஆடுகிறவர், எதிராளிக்கெனத் தயாராகிறவர், செஸ்பேஸ் வாங்கட்டும். அவரும் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் ஓட வேண்டியதில்லை.