சொல்லைக் காட்டும் கைகள்

போன வருசம் எங்கட கலைவிழாவிலை என்ர மகள் ஒரு தமிழ்ப் பதத்துக்கு ஆடினாள். ஆடி முடிய, அவளோடை படிக்கிற ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வந்து, "கையைக் கன்னத்திலை வைச்சாயே, அதுக்கு என்ன கருத்து?" என்று கேட்டது. மகள் என்னைப் பார்த்தாள். பிறகு, "தெரியாது, ரீச்சர் காட்டித் தந்தவ" என்றாள். அண்டைக்குத்தான் நான் முன்பு வாசித்திருந்த ஹவாய்த் தீவுகளின் ஹுலா நடனத்தின் கதை ஞாபகத்துக்கு வந்தது.

ஹுலா என்றவுடன் எங்களில் கனபேருக்கு, புல்லுப் பாவாடை கட்டிய பெண்கள் உல்லாசப் பிரயாணிகளுக்கு முன்னால் ஆடுகிற காட்சிதான் நினைவுக்கு வரும். அது சினிமாவும் ஹோட்டல்களும் காட்டிய படம். ஹுலாவின் உயிர் பாட்டின் சொல்லில் இருக்கிறது. எழுத்து இல்லாத காலத்தில் தெய்வங்களின் கதை, அரசர்களின் வம்சாவளி, மழைக்கும் காற்றுக்கும் வைத்த பெயர்கள் எல்லாவற்றையும் அந்த மக்கள் பாட்டாகவே காத்தார்கள். ஒருவர் இருந்துகொண்டு சுரைக்குடுக்கையைத் தட்டியோ சுறாத்தோல் மேளத்தை அடித்தோ பாடுவார்; ஆடுபவர் அந்தச் சொல்லைக் கையால் காட்டுவார். எங்கட நட்டுவனாரும் அபிநயமும் மாதிரித்தான்.

1820இல் அமெரிக்காவிலிருந்து கிறிஸ்தவ மிஷனரிமார் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு இந்த ஆட்டம் ஆபாசமாகத் தெரிந்தது. மதம் மாறிய காஅஹுமானு அரசி 1830இல் பொது இடங்களில் ஹுலா ஆடுவதைத் தடைசெய்தார். 1850களில் காசுக்கு ஆடுவதென்றால் அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. ஆனாலும் கிராமங்களிலே, வீட்டு வளவுகளிலே குருமார் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

1874இல் அரசரான கலாகாவுவா ஹுலாவை மறுபடி வெளியே கொண்டுவந்தார். 1883இல் ஹொனலூலுவில் நடந்த முடிசூட்டு விழாவிலும், 1886இல் தன் ஐம்பதாவது பிறந்தநாளிலும் பகிரங்கமாக ஆடவைத்தார். முடிசூட்டு விழாவில் பாடிய பாட்டுக்களின் பட்டியலை அச்சடித்தவர்மேல் ஆபாச வழக்குப் போட்டார்கள் என்றால் எதிர்ப்பு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கோ!

1891இல் அவர் இறக்க, தங்கை லிலியுவோகலானி அரசியானார். 1893இல் வெள்ளைக்கார வியாபாரிகளும் தோட்ட முதலாளிகளும், அமெரிக்கப் படையினர் கரையிறங்கி நிற்க, அவருடைய ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 1896இல் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலமே போதனாமொழி என்று சட்டமாக்கினார்கள். சொந்தமொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். 1898இல் அமெரிக்கா நாட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்டது.

தடை போட்டும் சாகாத ஹுலாவுக்கு இதுதான் பெரிய அடி. ஆட்டம் ஹோட்டல்களில் நடந்தது. பாட்டின் கருத்துத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். 1980களின் தொடக்கத்தில், நீஇஹாவு என்ற சின்னத் தீவுக்கு வெளியே அந்த மொழியைச் சரளமாகப் பேசும் பிள்ளைகளைக் காண்பதே அரிதாகிவிட்டது.

இதற்கு முன்பே, 1960இல் ஆழிப்பேரலை அடித்துச் சிதைந்துபோன ஹிலோ நகரத்தில், ஊருக்கு வருமானம் தேடி 1964இல் ஒரு விழா தொடங்கினார்கள். கலாகாவுவாவின் பட்டப்பெயரால் அதற்கு 'மெரி மொனார்க்' விழா என்று பெயர். முதலில் அது தாடி வளர்த்து அரசரைப்போலத் தோன்றுகிற போட்டி எல்லாம் இருந்த கேளிக்கை விழாதான். 1971இல் ஹுலாப் போட்டி சேர்ந்தது. 1976இல் ஆண்களும் போட்டிக்கு வந்தார்கள். ஈஸ்டர் ஞாயிறில் தொடங்கி ஒரு கிழமை நடக்கும். ஒரு இரவு பழைய முறை, 'கஹிகோ'. மறு இரவு கித்தாரும் உக்குலேலேயும் சேர்ந்த புதிய முறை, 'அவுவானா'. ஆடுகிற குழு பாட்டின் சொற்களையும் கருத்தையும் எழுதி நடுவர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கவேணும். தனிப்பெண் போட்டியிலே ஹவாய் மொழிக்கென்றே ஒரு பரிசும் இருக்கிறது.

1978இல் ஹவாய் மொழி அரச மொழிகளில் ஒன்றானது. 1984இல் பெற்றோரும் ஆசிரியர்களும் 'பூனானா லேஓ' என்ற பாலர் பாடசாலையைத் தொடங்கினார்கள். குரல்களின் கூடு என்று கருத்து. 1987இல் அரசாங்கப் பள்ளிக்கூடங்களிலும் அந்த மொழியில் வகுப்புகள் வந்தன. தாய் தகப்பனுக்கே தெரியாத மொழியைப் பிள்ளைகள் படித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

எங்கட சதிரையும் கேவலம் என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. அது மேடையேறிப் பரதநாட்டியமாகி, இண்டைக்கு நாங்கள் குடியேறிய ஊரெல்லாம் சலங்கைச் சத்தம் கேட்குது. எனக்குச் சந்தோசம்தான். ஆனால் பாட்டின் சொல் விளங்காமல் ஆடுகிற பிள்ளைக்கு நாங்கள் பாதியைத்தான் குடுத்திருக்கிறம்.

இப்ப மகள் பதத்தின் வரிகளைக் கொப்பியிலே தமிழில் எழுதிவைத்து ஒவ்வொரு சொல்லுக்கும் கருத்துக் கேட்கிறாள். சிலதுக்கு எனக்கும் விடை தெரியாது. ஊரிலை இருக்கிற அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டுச் சொல்லுறன். ஆச்சியும் பேத்தியும் அதிலே அரை மணித்தியாலம் கதைக்கினம்.

இந்தச் சித்திரை விழாவிலே பிள்ளையள் ஆடி முடிய, கைதட்டுங்கோ. பிறகு பக்கத்திலை கூப்பிட்டு, "என்ன பாட்டு மோனை, என்ன சொல்லுது?" என்று ஒருக்கால் கேளுங்கோ. அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.