உயிரின் மூலமும் ஓர் இலங்கை விஞ்ஞானியும்

கதிர்வீச்சு என்னும் சொல்லை யாழ்ப்பாணத்து மக்கள் இரண்டு காரணங்களால் அறிவர். ஒன்று 1945இல் ஹிரோஷிமாவில் நிகழ்ந்த கொடுமை, மற்றொன்று புற்றுநோய். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை இலங்கையின் ஊடாக நடந்தவர்கள் திரட்டிய பணத்தைக் கொண்டு தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்த பிறகு, அச்சொல் வீட்டுத் திண்ணைகளிலும் பேசப்படுவதாயிற்று. அழிப்பதும், அழிப்பதன் மூலம் காப்பதுமே கதிரின் தொழில் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். கதிருக்கு மூன்றாவதொரு தொழிலும் உண்டு. அஃது ஆக்கும் தொழில். உயிரற்ற வாயுக்களின் மீது இலத்திரன் கற்றையையும் ஊதாக்கடந்த ஒளியையும் பாய்ச்சி, உயிரின் மூலப்பொருள்களைச் சோதனைக் குழாயில் தோற்றுவித்துக் காட்டியவர்களுள் முன்வரிசையில் நின்றவர் இத்தீவிற் பிறந்த ஒருவர். அவர் பெயர் சிறில் பொன்னம்பெரும.

பெயரின் ஓசையைக் கேட்டு அவரைத் தமிழர் என்று யாரேனும் எண்ணினும் வியப்பில்லை. அவர் 1923 அக்டோபர் 16இல் காலியிற் பிறந்த சிங்களவர். காலி புனித அலோசியஸ் கல்லூரியிலும் கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரியிலும் கற்றார். பின்னர் கடல் கடந்து சென்னைக்குச் சென்று, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் 1948இல் பட்டம் பெற்றார். அவர் பெற்ற பட்டம் இரசாயனத்தில் அன்று, தத்துவத்தில்! உயிர் யாது, சடம் யாது, இரண்டிற்கும் இடையே கடக்க முடியாத பள்ளம் உண்டோ என்னும் வினாக்களை அவர் முதலிற் சந்தித்தது தத்துவ வகுப்பிலேதான். விடை தேடி அவர் இரசாயனத்துக்கு வந்து சேர்ந்தார். விடையை இரசாயனத்தில் வைத்துக்கொண்டு வினாவையே மறந்துவிடும் நம் ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்விடத்தில் சற்று நின்று செல்லலாம்.

இலண்டனில் பேர்க்பெக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த ஆசான் ஜே. டி. பேர்னல். பளிங்குருக்களின் அமைப்பை ஆராய்ந்த பெரும் பௌதிகவியலாளர் அவர், வெளிப்படையான மார்க்சியவாதி. விஞ்ஞானம் சமுதாயத்திலிருந்து விலகி நிற்கும் தவமன்று, சமுதாயத்தின் தேவைகளாலும் அதிகாரங்களாலும் உருப்பெறுவது என்று 1939இலேயே பெருநூல் எழுதியவர். உயிரின் தோற்றம் பற்றியும் அவர் சிந்தித்து வந்தார். ஆதிக் கடலோரத்துக் களிமண்ணின் மேற்பரப்பில் மூலக்கூறுகள் ஒட்டித் திரண்டிருக்கலாம் என்பது அவருடைய கருத்து. பகலில் வேலை, மாலையில் வகுப்பு என உழைப்பவர்கள் கற்பதற்கென்றே வளர்ந்தது பேர்க்பெக் கல்லூரி என்பதையும் நம் மாணவர் அறிதல் நன்று. 1959இல் அங்குதான் பொன்னம்பெரும இரசாயனப் பட்டத்தைப் பெற்றார்.

நிற்க. இவ்வாராய்ச்சியின் முன்கதையைச் சற்றுக் கூறவேண்டும். 1924இல் மாஸ்கோவில் ஒப்பாரின் ஒரு சிறுநூலை வெளியிட்டார். 1929இல் இங்கிலாந்தில் ஹால்டேன் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒருவரை ஒருவர் அறியாமலே இருவரும் ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்திருந்தனர். ஆதிப் பூமியின் வளிமண்டலத்தில் இன்றுள்ளது போல ஒட்சிசன் இருக்கவில்லை. ஞாயிற்றின் ஒளியும் மின்னலும் அவ்வாயுக்களைத் தாக்கிச் சேதனப் பொருள்களை ஆக்கின. அவை கடலிற் கரைந்து நீர்த்த குழம்பாகின. அக்குழம்பிலிருந்து உயிர் எழுந்தது என்பது அம்முடிவு. ஆங்கிலேயர் அதனைச் சூப் என்றனர். யாழ்ப்பாணத்தார் சொதி என்றால் இன்னும் பொருத்தமாக இருக்கும். படைத்தவன் ஒருவனை நாடாமல் சடத்தின் இயக்கத்திலிருந்தே உயிரை விளக்கிய இக்கருத்தை நெடுங்காலம் பலர் கற்பனை என்றே தள்ளினர். 1953இல் சிக்காகோவில் ஸ்ரான்லி மில்லர் என்னும் மாணவர் மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். சில நாள்களில் அமினோ அமிலங்கள் தோன்றின. கற்பனை ஆய்வுகூடத்துள் புகுந்தது.

அமினோ அமிலங்கள் புரதத்தின் செங்கற்கள். ஆனால் உயிரின் மரபைச் சுமந்து செல்வன நியூக்கிளிக் அமிலங்கள். அவற்றின் செங்கற்களும் அவ்வாறே தோன்றுமா? இந்த வினாவோடுதான் பொன்னம்பெரும கலிபோர்னியாவுக்குச் சென்றார். பேர்க்லியில் அவருக்கு வாய்த்த ஆசான் மெல்வின் கல்வின். பச்சை இலை ஒளியைக் கொண்டு வெல்லத்தை ஆக்கும் வழியைப் படிப்படியாகக் கண்டறிந்து, 1961இல் நோபல் பரிசு பெற்றவர். அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1951இல், கல்வினும் அவர் கூட்டத்தினரும் காபனீரொட்சைட்டும் நீரும் சேர்ந்த கரைசலின் மீது துகள்முடுக்கியிலிருந்து வந்த கதிர்களைப் பாய்ச்சிப் போமிக்கமிலத்தைப் பெற்றிருந்தனர். கதிர் நீரின் மூலக்கூறை உடைக்கும். உடைந்த துண்டுகள் பசியோடு திரியும். எதிர்ப்பட்டதைப் பற்றிக்கொண்டு புதிய பொருளாகும். கதிர்வீச்சு இரசாயனத்தின் அடிப்படை இவ்வளவே.

1962இல் கலாநிதிப் பட்டம் பெற்ற பொன்னம்பெரும அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். 1963இல் லெமன், ரூத் மரினர், கல்வின் ஆகியோருடன் அவர் செய்த சோதனையின் விவரம் வெளிவந்தது. மெதேன், அமோனியா, நீர் ஆகியவற்றை ஒரு குழாயில் அடைத்தனர். மெதேனின் காபனில் ஒரு பகுதி கதிர்வீசும் காபன் 14 ஆக இருந்தது. விளையும் பொருள் அணுவளவே எனினும் அதன் அடையாளத்தைத் தொடர்ந்து பிடிப்பதற்காகச் செய்த சூழ்ச்சி இது. பின் விரைவூட்டப்பட்ட இலத்திரன்களைப் பாய்ச்சினர். விளைந்தவற்றுள் அடினின் இருந்தது. மரபுச் சொல்லின் நான்கு எழுத்துக்களில் ஒன்று அது!

அடினினின் அமைப்பே ஒரு வியப்பு. ஐந்து காபன், ஐந்து ஐதரசன், ஐந்து நைதரசன்; அதாவது ஐந்து ஐதரசன் சயனைட்டு மூலக்கூறுகள் கைகோத்தாற் கிடைப்பது. சயனைட்டு கொடிய நஞ்சு. மரவள்ளிக் கிழங்கோடு இஞ்சியைச் சேர்க்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் எச்சரிப்பது இந்த நஞ்சைக் கருதியே. அந்த நஞ்சிலிருந்து அடினினைப் பெறலாம் என்பதை ஹூஸ்ரனில் ஜுவான் ஓரோ சில ஆண்டு முன்னர் காட்டியிருந்தார். கதிர் கொண்டு, ஆதி வாயுக்களிலிருந்து நேரே அதனைப் பெற்றது ஏம்ஸ் கூட்டத்தினரின் சாதனை.

அதே ஆண்டில் ஒளியின் முறை வந்தது. இன்று நம் தலைக்கு மேல் ஓசோன் படலம் ஊதாக்கடந்த ஒளியின் பெரும்பகுதியைத் தடுத்து நிற்கிறது. ஒட்சிசன் இல்லாத ஆதிக்காலத்தில் அப்படலமும் இல்லை. அவ்வொளி தங்குதடையின்றிக் கடல்மேற் பொழிந்திருக்க வேண்டும். 260 நனோமீற்றர் அளவான அலைநீளத்தை அடினின் நன்றாக உறிஞ்சும். ஆகவே அடினின், ரைபோசு என்னும் வெல்லம், பொசுபேற்று மூன்றையும் நீரிற் கரைத்து ஊதாக்கடந்த விளக்கின் கீழ் வைத்தனர். அடினோசின் கிடைத்தது. பொசுபரசுச் சேர்மம் ஒன்றை மேலும் சேர்த்தபோது, அடினோசின் முப்பொசுபேற்று வரையில் விளைந்தது. நெல் நாற்று முதல் மனித மூளை வரை எல்லா உயிர்களும் ஆற்றலை மாற்றிக்கொள்ளும் நாணயம் அந்தப் பொருள். பொன்னம்பெருமவோடு அக்கட்டுரையில் ஒப்பமிட்டவர்களுள் ஒருவர், பின்னாளிற் பெரும்புகழ் பெற்ற கார்ல் சேகன்.

இங்கு உண்மையை மறைத்தல் ஆகாது. கடைசிப் படியிற் சேர்த்த பொசுபரசுச் சேர்மம் ஆய்வுகூடத்துப் பண்டம். ஆதிக் கடலில் அது கிடந்திருக்கும் என்று ஒப்புவது கடினம் என்ற கண்டனம் எழுந்தது. ஆதி வளிமண்டலத்தில் மெதேனும் அமோனியாவும் அவ்வளவு மிகுந்திருந்தனவா என்ற ஐயமும் பின்னர் வலுத்தது. உயிர் முழுவதையும் எவரும் குழாயில் ஆக்கிவிடவில்லை. எனினும் உயிரின் செங்கற்களை ஆக்க உயிரே வேண்டும் என்ற பழைய வாதம் அன்றோடு மேலும் ஒரு தூண் இழந்தது.

1963 அக்டோபரில் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு மாநாடு கூடியது. ஒப்பாரினும் ஹால்டேனும் வாழ்க்கையில் முதன்முறையாக அங்கேதான் நேரிற் சந்தித்தனர். தம் ஆய்வை அவர்கள் முன் வைத்தவர்களுள் பொன்னம்பெருமவும் இருந்தார். ஹால்டேன் அப்போது இங்கிலாந்தைத் துறந்து இந்தியாவிற் குடியேறியிருந்தார். 1964 டிசம்பரில் புவனேசுவரத்தில் புற்றுநோயால் இறந்தார்.

அடினினை ஆக்கும் கதிரே உயிரணுவினுள் புகும்போது அதே அடினினைத் தாங்கிய நூலை அறுக்கிறது. மருத்துவம் இதனைப் பயன்படுத்துகிறது. ஆனால் நல்ல அணுவும் உடன் சாகிறது. கட்டியினுள் மட்டும் போறனைச் சேர்த்துவைத்து, பின் நியூத்திரன்களை அனுப்பினால், போறன் பிளந்து, பிளவின் துண்டுகள் ஓர் அணுவின் அகலத்தைத் தாண்டாமல் அங்கேயே எரித்து நிற்கும் என்று லோக்கர் என்பவர் 1936இல் கூறினார். 1951இல் அமெரிக்காவில் மூளைக்கட்டி நோயாளரிடம் தொடங்கிய முயற்சி தோல்வியுற்றது. ஜப்பானியர் விடாது தொடர்ந்து, 2020இல் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு அதனை அங்கீகரித்தனர். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் மென்று வாய்ப்புற்றுக்கு ஆளாகும் நம் உழைப்பாளிகளின் நோயும் இந்த வகையினதே. அந்த நியூத்திரன் அவர்களை வந்தடையும் வழியை எந்தச் சூத்திரமும் காட்டாது.

1969 செப்டெம்பர் 28இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. ஏம்ஸ் ஆய்வாளர்கள் அதில் அமினோ அமிலங்களைக் கண்டு 1970இல் அறிவித்தனர். இடக்கையும் வலக்கையும் போல எதிரெதிராக அமைந்த இருவகையும் அவற்றில் ஏறத்தாழச் சமமாக இருந்தன. பூமியின் உயிர்கள் ஆக்கும் புரதத்தில் ஒரு வகையே உண்டு. ஆகவே அவை மனிதர் கைபட்டு ஒட்டிய அழுக்கல்ல; வானிலேயே விளைந்தவை. அப்பொலோ கொண்டுவந்த சந்திர மண்ணையும் பொன்னம்பெரும ஆராய்ந்தார். அங்கு உயிரின் சுவடு இல்லை. 1971 முதல் அவர் மேரிலாந்துப் பல்கலைக்கழகப் பேராசிரியர். மேர்ச்சிசன் கல்லில் மரபுப் பொருளின் ஐந்து மூலங்களும் உள்ளன என்று அவர் அறிவித்தது 1983 ஆகஸ்டில்.

1983 ஆகஸ்டு! அதற்கு முந்திய மாதத்தில் இலங்கையில் நடந்ததை இவ்விதழின் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. கொழும்பு வீதிகளில் தமிழர் எரிக்கப்பட்டனர். வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1981 ஜூன் முதல் நாளின் இரவிருளில், ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாணப் பொதுநூலகம் சாம்பலாகியிருந்தது. மனிதர் யாவருக்கும், மரத்துக்கும் புழுவுக்குங்கூட, எழுத்துக்கள் ஒன்றே என்று ஒரு சிங்கள விஞ்ஞானி வாஷிங்டனில் கூறிக்கொண்டிருந்தபோது, அவர் பிறந்த தீவில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக இனம் பிரித்தனர்.

1984இல் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் விஞ்ஞான ஆலோசகராகப் பொன்னம்பெரும நாடு திரும்பினார். கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வுகள் நிறுவகத்தின் இயக்குநருமானார். (அப்பதவியில் அவருக்கு முன்னிருந்த சந்திரா விக்கிரமசிங்கா, உயிர் விண்ணிலிருந்து வந்தது என்னும் எதிர்க்கட்சிக்காரர், அந்த வேடிக்கையும் இலங்கைக்கே உரியது.) அவர் மீது இனத்துவேஷக் குற்றம் சுமத்துவது நம் நோக்கமன்று. வறிய நாட்டிலும் அடிப்படை ஆராய்ச்சி வேண்டும் என்று அவர் வாதாடியது சரியே. ஆயினும் பேர்னலின் மாணவரை நோக்கிப் பேர்னலின் வினாவைக் கேட்கலாம்: நூலகத்தை எரித்தவர்கள் எவரையும் தண்டிக்காத ஓர் ஆட்சியில், விஞ்ஞான ஆலோசனை என்பது எதைப் பற்றியது?

இவ்வினாவை வடக்கிலிருந்து கேட்பதற்கு நமக்கு ஓர் உரிமையும் உண்டு. தமிழில் இரசாயனம் கற்பித்த மரபு இங்கு பழையது. மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கரான சாமுவேல் கிறீன், 1860களில் தமிழையே போதனா மொழியாக்கினார். தம் மாணாக்கர் துணையோடு மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. மதம் பரப்ப வந்தவர்தாம். எனினும் மக்கள் மொழியை நம்பியவர். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராய் வந்த கைலாசபதியும் அந்த நம்பிக்கையை வேறொரு தத்துவத்திலிருந்து பெற்றவர்.

பொன்னம்பெருமவின் 1983ஆம் ஆண்டு அறிவிப்பை நெடுங்காலம் பலர் ஐயுற்றனர். சைற்றோசினும் தைமினும் விண்கல்லில் உள்ளமை 2022இல் ஜப்பானியர் தலைமையிலான ஆய்வாளர்களாற் காட்டப்பட்டது. அதைக் காண அவர் இல்லை. 1994 டிசம்பர் 20இல் வாஷிங்டனில் மறைந்துவிட்டார். அந்த டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போய் நான்காண்டுக்கு மேலாகியிருந்தது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பொன்னின் விலை பெற்றது. ஜாம் போத்தலில் சில துளி எண்ணெய் விட்டுப் பஞ்சுத் திரி கொளுத்தி, அந்தச் சிறு சுடரின் அருகே குனிந்திருந்து, உயர்தர வகுப்புப் பிள்ளைகள் மெதேனின் கட்டமைப்பை எழுதிப் பழகினார்கள்.