அவசரகால மலாயாவில் படையும் குடிமை அமைப்புகளும்: மலாக்காத் தோட்டப்புறத்திலிருந்து ஒரு நோக்கு

பல நாட்டுப் படைகள் ஒரே மண்ணில் பணியாற்றுகையில் குடிமை அமைப்புகளுடன் அவை எவ்வாறு இணைந்து செயல்பட வேண்டும் என்னும் வினா இன்று உலகெங்கும் விவாதிக்கப்படுகிறது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மலாயா இவ்வினாவை எதிர்கொண்டது. பிரிட்டிஷ், கூர்க்காப் படைகளோடு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிஜி, கிழக்கு ஆப்பிரிக்கா ஆகியவற்றின் படைகளும் இங்குப் போரிட்டன. ஜொகூர் எல்லையை அடுத்த சுங்கை ரம்பாய் போன்ற மலாக்கா வட்டாரங்களின் தமிழர் வாழ்வை மனத்திற்கொண்டு அக்கூட்டுறவை இக்கட்டுரை நோக்குகிறது.

1950இல் நடவடிக்கை இயக்குநராகப் பொறுப்பேற்ற சர் ஹெரால்டு பிரிக்ஸ், மாநிலந்தோறும் மாவட்டந்தோறும் போர்ச் செயற்குழுக்களை நிறுவினார். மாவட்டக் குழுவில் மாவட்ட அதிகாரி தலைமை ஏற்றார். காவல்துறைத் தலைவரும் படைத்தளபதியும் அவருடன் அமர்ந்தனர். படைபலத்தைக் குடிமை ஆட்சிக்கு உட்படுத்தியதே இவ்வமைப்பின் சிறப்பு எனலாம். பின்னர்த் தோட்ட நிருவாகத்தின் சார்பாளர்களும் அதில் இடம்பெற்றனர். ஆனால், தோட்டத் தொழிலாளர்க்கென ஓர் இருக்கை அவ்வமைப்பில் வகுக்கப்படவில்லை.

இதன் விளைவு மீள்குடியேற்றத்தில் புலப்படுகிறது. புதுக்கிராமங்களுக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் மாற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் சீனர். அங்குச் செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் அம்புலன்ஸ் அமைப்பும் தாதியரை அனுப்பின. மலாக்காவைச் சேர்ந்த டான் செங் லோக் தலைமையில் 1949இல் தோன்றிய மலாயாச் சீனர் சங்கம் குலுக்குச்சீட்டு நடத்தி நிதி திரட்டி உதவியது. தோட்டங்களிலோ சிதறிக்கிடந்த லயங்கள் ஓரிடத்தில் திரட்டப்பட்டு முள்வேலியிடப்பட்டன. இம்மாற்றம் பெரிதும் நிருவாகத்தின் பொறுப்பிலேயே நிகழ்ந்தது. வேலை தருபவரே வேலிக்கும் காவலரானபோது, குறையைச் சொல்வதற்குத் தொழிலாளர்க்கு வேறு வாயில் அரிதாயிற்று. தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது 1954இல்தான்.

1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதி நாட்டின் முதல் 'வெள்ளைப் பகுதி'யாக அறிவிக்கப்பட்டது. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் அங்கு நீக்கப்பட்டன. கூட்டுறவின் பயனை மக்கள் நேரில் உணர்ந்தது அப்போதுதான். அரிசியைத் தடையின்றி வாங்குவதும், பால்மரம் வெட்டச் செல்கையில் சோற்றுப் பொட்டலத்தை உடன் கொண்டுசெல்வதும் அவர்களுக்கு அமைதியின் அடையாளங்களாயின.

ஆகவே, படைத்தளபதியும் ஆட்சியரும் ஒரே மேசையில் அமர்வதோடு குடிமைக் கூட்டுறவு நிறைவுறுவதில்லை. இடம்பெயர்க்கப்படுவோரின் குரலும் அம்மேசையை எட்டவேண்டும். அக்குழுக்களின் குறிப்புகள் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. லயத்து மக்களின் நினைவுகளோ முதியோர் சிலரிடம் மட்டுமே எஞ்சியுள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்ட இந்நாளில், அந்நினைவுகளைப் பதிவு செய்வது நம் ஆய்வாளர்களின் உடனடிக் கடமையாகும்.