பதிவில்லாத பத்துப் பேர்: ஹெபடைடிஸ் சி சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனையும் தடுப்பூசியும்

2016 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், ஹெபடைடிஸ் சி வைரஸை நேரடியாகத் தாக்கும் மருந்துகளுக்குக் கட்டமிட்ட எச்சரிக்கையை விதித்தது. சி வைரஸ் ஒடுங்கியதும் உடலில் அடங்கிக் கிடந்த ஹெபடைடிஸ் பி வைரஸ் மீண்டும் கிளம்பிய 24 பேரின் விவரம் அதனிடம் வந்திருந்தது. அவர்களுள் இருவர் இறந்தனர். ஒருவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை நடந்தது.

இந்த 24-ஐ மிகச் சிறிய எண்ணாக வாசிக்கும் போக்கு ஒன்று உண்டு. மருந்து உண்டோர் தொகையோடு ஒப்பிட்டால் இது அரிய விளைவு, ஆகவே பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் சோதனை ஒன்றே போதும் என்பது அதன் வாதம். நிர்வாகத்தின் அறிக்கையைப் பிரித்துப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது என்றே கருதுகிறேன்.

சிகிச்சைக்கு முன் 7 பேரின் இரத்தத்தில் பி வைரஸ் தென்பட்டது. 4 பேருக்கு ஆன்டிஜென் இருந்தது, வைரஸ் தென்படவில்லை. 3 பேருக்கு இரண்டும் இல்லை. மீதி 10 பேரின் நிலை பதிவாகவில்லை, அல்லது பதிவானதைக் கொண்டு எதுவும் தீர்மானிக்க இயலவில்லை. இந்தப் பத்தைக் குறைத்தரவு என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கோ அறிக்கையின் மையமே அதுதான்: மருந்து தொடங்குமுன் இவர்களிடம் பி உண்டா என்பதை உறுதியாகச் சொல்லும் பதிவு கிடைக்கவில்லை. பதிவு இல்லாத இடத்தில் அரிது என்ற சொல்லுக்கு அடிப்படை ஏது? மேலும், இந்த 24-உம் நிர்வாகத்தைத் தேடி வந்த தகவல்கள் மட்டுமே; இதைக் கீழ்வரம்பாகத்தான் கொள்ள முடியும்.

அந்த 3 பேர் ஆன்டிஜென் சோதனையோடு நின்றிருந்தால் பி இல்லாதவர் என்றே அனுப்பப்பட்டிருப்பார்கள். மூவரை வைத்து விகிதம் சொல்லக் கூடாது என்பதை ஏற்கிறேன். 2018-இல் வெளியான தொகுப்பாய்வு, ஆன்டிஜென் உள்ளோரில் சுமார் 24 விழுக்காட்டினருக்கும், பழைய தொற்றின் தடயம் மட்டும் உள்ளோரில் 1.4 விழுக்காட்டினருக்கும் பி மீண்டும் கிளம்பியதாகக் கண்டது. எதிர்வாதம் இந்த 1.4-இல்தான் ஊன்றி நிற்கிறது.

ஆனால் பழைய தொற்றின் தடயத்தைக் காட்டும் ஆன்டி-எச்பிசி சோதனைக்கு இன்னொரு பயன் உண்டு. பி வைரஸை இதுவரை சந்திக்காதவர் யார் என்பதையும் அது காட்டுகிறது. அவருக்குத் தேவை தடுப்பூசி. வைரஸ் கிளம்புமா என்று மட்டுமே கேட்ட விவாதம் இவரை மறந்துவிட்டது. செலவு கூடும் என்ற ஆட்சேபத்துக்கு ஒரு கல்லீரல் மாற்றின் செலவே பதில்.

சிகிச்சைக் காலமும் தடுப்பூசிக்கு இசைகிறது. வழக்கமான சிகிச்சை 12 வாரம். சி ஒழிந்ததை உறுதிசெய்யும் சோதனை அதற்குப் பின் 12 வாரம் கழித்து. மருந்து தொடங்கும் நாளில் முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது என்றால், ஆறாம் மாதத்து மூன்றாவது ஊசி அந்த உறுதிச் சோதனைக்கு வரும் நாளையொட்டியே அமைகிறது. நோயாளியைத் தனியாக அழைக்க வேண்டியதில்லை. ஈரல் சுருக்கம் உள்ளோரிடம் ஊசியின் பலன் குறையும் என்பதால், ஓரிரு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவு லிட்டருக்கு 10 சர்வதேச அலகை எட்டியதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

சி-யிலிருந்து மீண்டவருக்கு அதனால் பி-யிடமிருந்து எந்தக் காப்பும் கிடைப்பதில்லை; இரண்டும் இரத்தத்தின் வழியே பரவுபவை. சிகிச்சைத் தாளின் முதல் பக்கத்திலேயே ஆன்டி-எச்பிசி முடிவையும் முதல் ஊசியின் தேதியையும் மருத்துவர்கள் எழுத வேண்டும்.