அலைகளை அளந்தவர்கள்

கைப்பேசி இல்லாத இல்லம் இன்று நம் குடியிருப்பில் இல்லை. ஊரிலுள்ள பெற்றோரோடும் உற்றாரோடும் நம்மை நாள்தோறும் இணைப்பது அதுவே. அக்கருவியை ஆக்கியோரை உலகம் அறியும். அதன் அலைகள் தெருக்களினூடே செல்லும் இயல்பைப் பொறுமையுடன் அளந்தோரை அறிந்தவர் சிலரே. அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அதன் தொடக்க ஏடுகளுள் ஒன்று நம் நாட்டிலேயே எழுதப்பெற்றது. 1895-ஆம் ஆண்டில் கல்கத்தா நகரில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குப் புலனாகாத மின் அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார். அவர் ஆண்ட அலைகளுட் சில 5 மில்லிமீட்டர் நீளமே உடையவை. காட்டியதோடு அவர் அமையவில்லை. அலையின் நீளத்தையும், கந்தகம் முதலிய பொருள்களினூடே அது விலகும் அளவையும் தாமே சமைத்த கருவிகளால் அளந்தறிந்தார்.

ஆயின், ஆய்வுக்கூடத்து அலை வேறு. நகர் நடுவே ஓடும் வண்டியைத் தேடிச் செல்லும் அலை வேறு. தடையற்ற வெளியில் தொலைவு இருமடங்காயின் அலையின் வலிமை நாலில் ஒன்றாகும். நகரத்திலோ மாடங்கள் அலையை மறிக்கின்றன; சுவர்கள் திருப்பியனுப்புகின்றன. பல வழியாய் வந்த அலைகள் ஓரிடத்தில் கூடி வலுக்கும். சில அங்குலம் தள்ளி ஒன்றையொன்று அழிக்கும். இதனை ஏட்டுக் கணக்கால் மட்டும் எவ்வாறு அறிவது?

அளந்தே அறிதல் வேண்டும் எனத் துணிந்தவர் ஜப்பானியப் பொறியியலறிஞர் யோஷிஹிசா ஒகுமுரா. 1960-களில் அவரும் அவர்தம் குழுவினரும் வண்டியிற் கருவிகளை ஏற்றி, டோக்கியோ நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் சென்று, பல அதிர்வெண்களில் அலையின் வலிமையைக் குறித்தனர். 1968-இல் அவை வரைபடங்களாக வெளிவந்தன. அவற்றை 1980-இல் மசஹாரு ஹாட்டா எளிய சூத்திரமாக்கினார். 30 மீட்டர் உயரக் கம்பத்திலிருந்து 900 மெகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பின், நகரத்தில் தொலைவு இருமடங்காகும்போது வலிமை ஏறத்தாழ 11-இல் ஒன்றாகக் குறையும் என்பது அதனாற் பெறப்படும். கோபுரங்களை எத்துணைத் தொலைவில் நாட்டுவது என்பதற்கு இத்தகைய கணக்கே வழிகாட்டிற்று. 2013-இல் ஒகுமுராவுக்குப் பொறியியல் துறையின் பெரும் பரிசாகிய டிரேப்பர் பரிசு மேலும் நால்வரோடு பகிர்ந்தளிக்கப்பெற்றது.

ஆயினும் டோக்கியோவின் தெரு நம் தெருவாகுமோ? நம் நிலமும் வேறு, வீடும் வேறு. ஆதலின் தில்லித் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்து அறிஞர்கள் இரயில்களிலும் கருவிகளைக் கொண்டு சென்று, ஒகுமுரா, ஹாட்டா வகுத்த கணக்குகளை நம் மண்ணின் அளவுகளோடு ஒப்பிட்டுத் திருத்தம் கண்டனர். பிறர் கண்ட சூத்திரத்தை ஏற்பது எளிது. அது நமக்குப் பொருந்துமா என அளந்து பார்ப்பதே அறிவுடைமை.

1995 ஜூலை 31-ஆம் நாள் இந்தியாவின் முதற் கைப்பேசி அழைப்பு எழுந்ததும், போஸ் மணியடித்த அதே கல்கத்தாவிலிருந்துதான். இடைப்பட்ட நூறாண்டுகளை நிரப்பியது அளந்தோரின் உழைப்பே. நம் சங்கத்து இளைஞர்கள் இத்துறையிலும் புகுந்து, கருவியைக் கையாள்வதோடு அமையாது, அதன் இயல்பை அளந்தறிவோராகவும் விளங்குவாராக என விழைகின்றோம்.