நூற்றாண்டின் ஆட்டம் (சதுரங்கம்)

நூற்றாண்டின் ஆட்டம் என்பது டொனால்ட் பைரன், பாபி ஃபிஷர் ஆகியோருக்கிடையே 1956 அக்டோபர் 17 அன்று நியூயார்க் நகரில், ரோசன்வால்ட் நினைவுச் சுற்றுப்போட்டியில் நடைபெற்ற சதுரங்க ஆட்டத்தைக் குறிக்கும். கறுப்புக் காய்களுடன் ஆடிய ஃபிஷருக்கு அப்போது அகவை 13. வெள்ளைக் காய்களுடன் ஆடிய பைரன் 1953 ஆம் ஆண்டின் அமெரிக்கத் திறந்த போட்டியில் வென்றவர். சதுரங்க எழுத்தாளர் ஹான்ஸ் கிமோக் இவ்வாட்டத்துக்கு இப்பெயரைச் சூட்டினார்.

திறப்பு

ஆட்டம் குருன்ஃபெல்ட் தடுப்பாட்டமாக அமைந்தது. இம்முறையில் கறுப்பு, வெள்ளையின் காலாட்கள் பலகையின் நடுப்பகுதியைப் பிடிக்க இடங்கொடுத்து, பின்னர் அவற்றைத் தாக்கும். தாக்குதல் பிந்தினால் அக்காலாட்களே கறுப்பை நெருக்கிவிடும். ஆகவே இது இடர் மிகுந்த தடுப்பாட்டமாகும்.

ஆட்டத்தின் போக்கு

பைரன் 11 ஆவது நகர்த்தலில் ஒரே அமைச்சரை இரண்டாம் முறை நகர்த்தினார். அவரது அரசர் பாதுகாப்பின்றி நடுவிலேயே இருந்தார். ஃபிஷர் உடனே ஒரு குதிரையை வெட்டுக்குக் கொடுத்து நடுப்பகுதியைத் திறந்தார். பைரன் அதை வெட்டவில்லை. 17 ஆவது நகர்த்தலில், தாக்கப்பட்டிருந்த தம் அரசியைக் காக்காமல் அமைச்சரை நகர்த்தினார். அவ்வமைச்சரை வெட்டியிருந்தால், ஐந்து நகர்த்தல்களில் குதிரையால் இறுதி முற்றுகை நேர்ந்திருக்கும். பைரன் அரசியை வெட்டினார். தொடர் முற்றுகைகளின் மூலம் ஃபிஷர் அரசிக்கு ஈடாக ஒரு கோட்டை, இரு அமைச்சர்கள், ஒரு காலாள் ஆகியவற்றைப் பெற்றார். பைரனின் அரசி தன் அரசருக்கு உதவ இயலாது தனித்து நின்றது. 41 ஆவது நகர்த்தலில் ஃபிஷர் இறுதி முற்றுகையிட்டு வென்றார். 1972 இல் அவர் உலக வாகையாளரானார்.