புகைக்கூடமும் கணினிக்கூடமும்



பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த பெரியவர்களுக்குப் புகைக்கூடத்தைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. உறைந்த பாலை உருளையில் கொடுத்து ஷீட்டாக்கி, மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, ரப்பர் விறகின் புகையில் நான்கு நாள் அளவுக்கு உலர்த்துவார்கள். முதல் நாள் நாற்பது டிகிரியை ஒட்டிய சூடு. பிறகு மெல்ல மெல்ல அறுபது வரை. சூடு மிஞ்சினால் ஷீட்டில் கொப்புளம் எழும்பும். குறைந்தால் பூசணம் பூக்கும். இரவெல்லாம் ஒருவர் விழித்திருந்து விறகைத் தள்ளுவதும், கூரைத் திறப்பைக் கூட்டிக் குறைப்பதுமாக இருப்பார். எங்கள் பக்கத்து லயத்துத் தாத்தா ஒருவருக்கு இருபது ஆண்டுகள் இதுதான் வேலை.

இன்று நாம் பேசப்போகும் கணினிக்கூடத்திலும் இரவெல்லாம் ஒருவர் விழித்திருந்து சூட்டைப் பார்க்கிறார். அங்கே சூட்டை உண்டாக்க வேண்டியதில்லை, வெளியேற்ற வேண்டும். அவ்வளவே வேறுபாடு.

மின்சாரம் நம் நாட்டுக்கு வந்த கதையிலிருந்து தொடங்குவோம். 1894-இல் சிலாங்கூர் ராவாங்கில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி வைத்து, மின்பம்புகளால் நீர் இறைத்தார்கள். மலாயாவின் மின்சார வரலாற்றில் முதல் வரியிலேயே ஒரு தமிழர் பெயர் இருப்பதை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ளட்டும்.

பேராக்கிலும் ஈயந்தான் மின்சாரத்தை அழைத்து வந்தது. 1920களில் மாலிம் நாவாரில் நீராவி மின்நிலையம் எழுந்தது. 1930-இல் பேராக் ஆற்றின் குறுக்கே செண்டரோ அணை முடிந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் வாரும் பெருங்கப்பல்கள் அந்த மின்சாரத்தில்தான் ஓடின. தஞ்சோங் துவாலாங்கில் இன்று சுற்றுலாப் பயணிகள் ஏறிப் பார்க்கிறார்களே, 1938-இல் கட்டப்பட்ட கப்பல், அதுவும் மாலிம் நாவார் மின்சாரத்தில் ஓடியதே. தோட்டத்து லயங்களின் நிலை வேறு. பல தோட்டங்களில் சொந்த ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் ஓடும். பிறகு மண்ணெண்ணெய் விளக்கு. எங்கள் சிறுவயதிலும் இரவு பத்து மணிக்கு விளக்கு அணைந்ததை நாங்கள் மறக்கவில்லை.

கப்பல் தின்ற மின்சாரத்துக்கு ஈடாக மண்ணும் கல்லும் மேலே ஏறின. கணினி எதைத் தூக்குகிறது? ஒன்றையும் தூக்குவதில்லை. அது கணக்குப் போடுகிறது. அதற்குள் போன மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகி வெளியே வருகிறது. 1946-இல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட 'எனியாக்' என்னும் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள்; அது தின்றது 150 கிலோவாட். அதைக் குளிர்விக்கவே தனியாக விசிறிகள் வைத்தார்கள். நம் நாட்டுக்கு முதல் கணினி 1960களின் நடுவில் வந்தது. அதை வாங்கியது எந்த நிறுவனம் தெரியுமா? மின்சார வாரியமே!

எங்கள் பள்ளிக் கணினி அறையில் ஒருமுறை குளிர்சாதனம் பழுதாயிற்று. பிற்பகலில் கணினிகள் ஒவ்வொன்றாகத் தாமே அணைந்தன. "சார், கணினிக்குக் காய்ச்சலா?" என்று ஒரு மாணவி கேட்டாள். காய்ச்சல்தான். இருபது கணினிக்கே இந்தப் பாடு என்றால், பல்லாயிரம் கணினிகள் அடுக்கிய கூடத்தை எண்ணிப் பாருங்கள்.

அங்கே கணினி அடுக்குகளை வரிசை வரிசையாக முகத்துக்கு முகம் பார்த்தபடி நிறுத்துகிறார்கள். முன்பக்கத்துச் சந்தில் குளிர்காற்று. பின்பக்கத்துச் சந்தில் சூடான காற்று. இரண்டும் கலக்கக் கூடாது. கலந்தால் குளிர்விக்கச் செலவிட்ட காசு வீண். சூட்டைக் குளிர்நீர் வாங்கிக்கொண்டு போகிறது. பல கூடங்களில் அந்தச் சூட்டை வெளியே விட நீரை ஆவியாக்குகிறார்கள். நம் நாட்டுக் காற்றிலோ ஈரம் மிகுதி. மழைக்காலத்தில் துணி உலராததுபோல, நீரும் எளிதில் ஆவியாகாது. ஆகவே இயந்திரம் கூடுதலாக உழைக்க வேண்டும்.

கணினி 1 வெள்ளிக்கு மின்சாரம் தின்றால், குளிர்ச்சியும் பிறவும் சேர்ந்து கூடம் முழுவதற்கும் ஏறக்குறைய 1 வெள்ளி 50 காசு ஆவது உலகச் சராசரி. கூகுள் நிறுவனம் தன் கூடங்களில் 1 வெள்ளி 10 காசுக்குக் கொண்டுவந்திருக்கிறது. கூடத்தை வேண்டாத அளவுக்குக் குளிர வைப்பது வீண் என்று தெரிந்ததும் ஒரு காரணம். அமெரிக்கக் குளிரூட்டுப் பொறியாளர் சங்கம் 2004-இல் 20 முதல் 25 டிகிரி என்று சொன்னது. 2008-இல் 18 முதல் 27 என்று தளர்த்தியது. வெப்பநாடான சிங்கப்பூர் 2023-இல் 26 டிகிரிக்கு மேலும் வைக்கலாம் என்று தனித் தரமே வகுத்தது.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? உடனே பேட்டரி தாங்கும். சில நொடிகளில் டீசல் ஜெனரேட்டர் எழும். ஆனால் குளிரூட்டும் இயந்திரம் அத்தனை விரைவில் எழாது. கூடத்தின் சூடோ நிமிடங்களில் ஏறிவிடும். அதற்காகவே குளிர்நீரைத் தொட்டிகளில் சேர்த்து வைக்கிறார்கள். 14 அக்டோபர் 2023 அன்று சிங்கப்பூரில் மின்சாரம் இருந்தது. ஒரு கூடத்தின் குளிர்நீர் அமைப்பில்தான் கோளாறு. டிபிஎஸ், சிட்டி வங்கிகளின் சேவை முடங்கியது. ஏறக்குறைய 25 லட்சம் பணப் பரிமாற்றங்கள் நிறைவேறவில்லை. அங்கே வேலை செய்து ஈப்போவுக்குப் பணம் அனுப்பும் நம் பிள்ளைகளுக்கு இது வெறும் செய்தியன்று.

இனி நிலத்தின் கதை. 1997-இல் சைபர்ஜெயா தொடங்கியபோது, பக்கத்தில் புத்ராஜெயா எழுந்தது பிராங் பெசார் ரப்பர்த் தோட்டத்தின் மேல். அங்கிருந்த நம் குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடிக்குப் போயின. நல்ல வீடு கேட்டுப் பல ஆண்டுகள் அலைந்தன. 2019-இல் சிங்கப்பூர் புதிய கூடங்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்தபின், அவை ஜொகூர் பக்கம் திரும்பின. குலாய் யங் தோட்டம் இன்று ஒய்டிஎல் நிறுவனத்தின் கணினிக்கூட வளாகம். அதற்குத் திட்டமிட்ட மின்சாரம் 500 மெகாவாட். செண்டரோவின் முழு ஆற்றல் 40 மெகாவாட் அளவே. 1970களில் கட்டிய தெமெங்கோர் அணை முழு வேகத்தில் ஓடினாலும் 348. கிந்தாவின் ஈயமெல்லாம் கேட்டதைவிடப் பன்மடங்கு மின்சாரத்தை ஒரே தோட்டத்து மண் கேட்கிறது. மின்சாரத்தைக் கேட்டால் போதாது, நீரையும் கேட்கும். பக்கத்துக் குடியிருப்புகளின் குழாயில் நீர் குறையுமா என்று கேட்க அங்குள்ள மக்களுக்கு உரிமை உண்டு என்றே நாம் கருதுகிறோம்.

முதலில் சொன்ன தாத்தாவின் பேரன், எங்கள் பள்ளி மாணவன், இப்போது ஜொகூரில் அப்படியொரு கூடத்தில் இரவுப் பணியில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்தவனைத் தாத்தா வாசலில் உட்காரவைத்து விசாரித்தார்.

"ராத்திரியெல்லாம் என்னப்பா வேலை?"

"சூட்டைப் பாக்கறதுதான் தாத்தா."

"எத்தனை டிகிரி?"

"இருபத்து நாலு."

தாத்தா சிறிது நேரம் யோசித்தார். "அதுல ஷீட்டு காயாதேப்பா" என்றார்.